வீட்டில் பாதி, பட்டறையில் பாதி

இங்கிலாந்தில் வீட்டோடு ஒட்டிய கராஜில் கார் நிற்பது அபூர்வம். புல் வெட்டும் இயந்திரம், பிள்ளைகள் வளர்ந்த பிறகு யாரும் தொடாத சைக்கிள்கள், பாதி மீந்த பெயின்ட் டப்பாக்கள் எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்க, கார் தெருவில் மழையில் நனையும். ஆபிங்டனில் நான் போன வீட்டில் கார் உள்ளே இருந்தது. பானெட்டைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள். இன்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் எட்டிப் பார்த்தால் தரை தெரிந்தது. இன்ஜின் தனியே ஓர் இரும்பு ஸ்டாண்டில் தலைகீழாக மாட்டப்பட்டிருந்தது. அடியில் இருக்கும் சம்ப்பைக் கழற்றியிருந்ததால் கிராங்க் ஷாஃப்ட் முழுசாகக் கண்ணில் பட்டது.

கார், எம்ஜிபி. 1970-ல் செய்தது. இரண்டு பேர் உட்காரலாம், கூரையை மடக்கிவிட்டு ஓட்டலாம். சொந்தக்காரர் ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கையெல்லாம் கிரீஸ். கை குலுக்குவதற்குப் பதில் முழங்கையை நீட்டினார்.

ஆபிங்டனில் எம்ஜிபி வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் மிதப்பு உண்டு. நியாயமான மிதப்புதான். சிட்னி எனவர் தலைமையில் வடிவமைக்கப்பட்ட இந்தக் கார், 1962-லிருந்து 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் இந்தச் சிறு ஊரின் ஆலையில்தான் உருவானது. 1980 அக்டோபரில் ஆலையை மூடினார்கள். எம்ஜியைத் தொடங்கிய செசில் கிம்பரின் பெயரில் கிம்பர் ஹவுஸ் என்ற கட்டடம் இன்னும் இருக்கிறது. எம்ஜி கார் கிளப்பின் அலுவலகம் அது. (நம்மூர்ச் சாலைகளில் இப்போது ஓடும் எம்ஜி ஹெக்டருக்கும் இந்த ஊருக்கும் பெயர்ப் பொருத்தம் மட்டுமே. கம்பெனி சீனர்கள் கைக்குப் போய் வெகுகாலம் ஆகிறது.)

ஆனால் எம்ஜிபியின் இன்ஜின் அப்படியில்லை. அது நமக்குத் தூரத்து உறவு இல்லை, பங்காளி முறை. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் அம்பாசடரில் பல வருடம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும், எம்ஜிபியின் 1798 சிசி இன்ஜினும் பிஎம்சி நிறுவனத்தின் ‘பி’ வரிசையில் பிறந்தவை. சிலிண்டர் விட்டம் அதில் 73 மி.மீ., இதில் 80.26 மி.மீ. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் இரண்டிலும் அச்சுப் பிசகாமல் 88.9 மி.மீ. எம்ஜிபிக்கு மூத்த எம்ஜிஏ, 1955-ல் வந்தபோது அம்பாசடரின் அதே 1489 சிசி அளவில்தான் வந்தது. அம்பாசடர் ஹெட்டை இறக்கி ஏற்றிய நம்மூர் மெக்கானிக் ஒருவரைக் கண்ணைக் கட்டி ஆபிங்டனில் கொண்டுவந்து விட்டாலும் அவர் கை தடுமாறாது.

என்ன தொந்தரவு என்று கேட்டேன். ஆயில் குடிக்கிறது என்றார். இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டு மறுபடி மிதித்தால் பின்னால் நீலப் புகை. இன்ஜின் சூடேறிய பிறகு வண்டி சிக்னலில் நின்றால், ஆயில் பிரஷர் முள் பத்துக்குக் கீழே படுத்துவிடும். அதற்காக உடனே பிரித்துவிடவில்லை. முதலில் கம்ப்ரஷன் பார்த்திருக்கிறார். மூன்று சிலிண்டர்கள் 150-ஐ ஒட்டிக் காட்ட, ஒன்று மட்டும் வெகுவாக இறங்கியிருந்தது. அதற்குள் ஒரு ஸ்பூன் ஆயிலை விட்டு மறுபடி பார்த்ததும் அளவு ஏறியது. விட்ட ஆயில் பிஸ்டன் ரிங்கைச் சுற்றி இருந்த இடைவெளியை அடைத்திருக்கிறது. ஆகவே தேய்மானம் ரிங்கிலும் சிலிண்டர் போரிலும். அளவு ஏறாமல் நின்றிருந்தால் வால்வில் கோளாறு, ஹெட்டோடு வேலை முடிந்திருக்கும். இந்தச் சோதனைக்கு ஆகும் நேரம் கால் மணி. இதைச் செய்யாமல் இன்ஜினை இறக்கியவர்களைப் பற்றி அவரிடம் நிறையக் கதைகள் இருந்தன. எல்லாமே மற்றவர்கள் கதை.

பியரிங் ஷெல் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். அரை வளையம். சாம்பல் நிற மேல்பூச்சு ஓரங்களில் மட்டும் மீந்திருக்க, நடுவில் செம்பு பளிச்சென்று தெரிந்தது. பிரஷர் முள் படுத்ததற்குக் காரணம் அதுதான். பூச்சு தேய்ந்ததும் இடைவெளி கூடுகிறது. பம்ப் தள்ளும் ஆயில் அந்த வழியே ஒழுகிப் போகிறது. மேஜைமேல் புஷ் ராடுகள் எட்டும் ஓர் அட்டைப் பெட்டியில் துளைபோட்டு வரிசையாகச் செருகப்பட்டிருந்தன. எது எங்கிருந்து வந்ததோ அது அங்கேயே திரும்பப் போக வேண்டும். நட்டும் போல்ட்டும் சிறு பிளாஸ்டிக் பைகளில், ஒவ்வொன்றிலும் பென்சில் எழுத்து. சிக்னல் பிரிவில் இருந்தவர் என்பதை அவர் சொல்லியிருக்கவே வேண்டாம்.

இன்ஜின் வேலை என்றால் ஸ்பேனர் பிடிப்பது என்று நினைப்போம். நான் பார்த்தவரை பெரும்பங்கு கழுவுவதுதான். பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் வட்ட மூடிகளைத் தட்டி எடுத்ததும் தண்ணீர் ஓடும் அறைக்குள் துரு சேறாக உறைந்திருந்தது. ஆயில் ஓடும் வழிகளின் முனையை அடைத்திருந்த பித்தளை அடைப்பான்களைத் துளைத்து எடுத்து, நீள பிரஷ் விட்டுக் குடைந்தார். ஐம்பது வருடக் கசடு கறுப்பாக வந்துகொண்டே இருந்தது. இந்த அலுப்பான வேலையை யாரும் படம் எடுத்து வைத்துக்கொள்வதில்லை.

ஆனால் எவ்வளவு சுத்தமாகக் கழுவினாலும் தேய்ந்த இரும்பு வளராது. வீட்டு வேலை இங்கே நின்றுவிடுகிறது. பிளாக், கிராங்க், ஹெட் மூன்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு ஒரு மணி நேரத் தொலைவில், தொழிற்பேட்டைக் கோடியில் இருக்கும் ஒரு பட்டறைக்குப் போனோம். பெயர்ப் பலகை வெயிலில் வெளுத்திருந்தது. உள்ளே இரண்டே பேர். கிராங்க் கிரைண்டிங் செய்பவருக்கு எழுபது கடந்துவிட்டது. ஐம்பது வயதுக்காரர் ஒருவர் போரிங்கும் ஹெட் வேலையும் பார்க்கிறார்.

பெரியவர் முதலில் ஒன்றும் பேசவில்லை. கிராங்கைத் துணியால் துடைத்து, மைக்ரோமீட்டரால் ஒவ்வொரு ஜர்னலையும் (பியரிங்குக்குள் சுழலும் பகுதி) இரண்டு திசையில் அளந்து, சாக்பீஸால் அதன்மேலேயே எழுதினார். அவர் கணக்கு எல்லாம் தவ்வில். ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம்மூர் லேத் பட்டறைகளிலும் இதே பேச்சுதான். மெயின் ஜர்னல்கள் பரவாயில்லை. கான் ராட் பிடிக்கும் பிக் எண்ட் ஒன்று மட்டும் வட்டம் குலைந்து ஒன்றரைத் தவ் நீண்டிருந்தது. வெடிப்பின் அடி எப்போதும் ஒரே பக்கம் விழுவதால் வரும் தேய்மானம். “பத்து எடுத்தால் போதும்” என்றார். பத்துத் தவ் குறைத்துத் தீட்டினால் அதற்கேற்ற அண்டர் சைஸ் பியரிங் கடையில் கிடைக்கிறது. அதில் சரியாகாவிட்டால் இருபது, பிறகு முப்பது.

மெயின் ஜர்னலைத் தீட்டுவது சுலபம், கிராங்க் தன் அச்சிலேயே சுழல்கிறது. பிக் எண்ட் அச்சுக்கு வெளியே இருப்பது. அதைத் தீட்ட, கிராங்கை 44.45 மி.மீ. தள்ளிப் பிடித்து மாட்ட வேண்டும், 88.9-ல் சரிபாதி. அப்படி மாட்டியதும் இயந்திரம் ஒரு பக்கம் கனத்து ஆடும். அதைச் சரிக்கட்ட எதிர்ப்பக்கம் எடைகளை ஏற்றி, கையால் உருட்டி, டயல் முள்ளைப் பார்த்து, மறுபடி எடையை நகர்த்தினார். கல் ஜர்னலைத் தொடுவதற்கு முன்பே ஒரு மணி நேரம் போய்விட்டது. அதற்கும் முன்னால் கல்லின் விளிம்பை வைர முனையால் வளைவாகச் செதுக்கிக்கொண்டார். ஜர்னல் சுவரோடு சேரும் மூலை வளைவாக இருக்க வேண்டுமாம். மூலை கூராகிவிட்டால் கிராங்க் ஒருநாள் அங்கேதான் ஒடியும்.

கல் தொட்டது. வெண்மையான குளிர்நீர் ஓட, சத்தம் சன்னமாக மாறியது. பெரியவர் கண் ஜர்னலில் இல்லை, ஜன்னலுக்கு வெளியே எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. ஒருகட்டத்தில் கல்லைப் பின்னால் இழுத்து அளந்தார். இன்னும் அரைத் தவ். மறுபடி கல்லை விட்டார்.

“இதை யாருக்காவது கற்றுக்கொடுக்கிறீர்களா?”

“வந்தார்கள். ஒரு பையன் எட்டு மாதம் இருந்தான். கம்ப்யூட்டர் இயந்திரத்துக்குப் போய்விட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அங்கே சம்பளம் அதிகம், துணியில் எண்ணெய் படாது.”

கம்ப்யூட்டர் இயந்திரம் இதைச் செய்யாதா என்றேன். ஒரே மாதிரி ஆயிரம் கிராங்க் என்றால் செய்யும் என்றார். தேய்ந்து வரும் கிராங்க் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். ஒன்றுக்காக உட்கார்ந்து யார் புரோகிராம் எழுதுவார்கள்?

பிளாக்கை வாங்கிக்கொண்ட மற்றவர், புது பிஸ்டன்கள் எங்கே என்று முதல் கேள்வியாகக் கேட்டார். பிஸ்டனைக் கையில் வைத்து அளந்த பிறகே போர் போடுவாராம், பெட்டியில் அச்சிட்ட அளவை நம்புவதில்லை. எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்தில் கடினமான புது வளையங்களை இறக்க வேண்டும் என்றும் சொன்னார். பழைய பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் அந்த இடத்தில் மெல்லிய படலமாக உட்கார்ந்து தேயாமல் காத்தது. 2000-ம் ஆண்டு தொடக்கத்தில் பிரிட்டன் ஈயப் பெட்ரோலை நிறுத்தியது. இந்தியாவிலும் ஏறக்குறைய அதே சமயம்தான்.

பட்டறையிலிருந்து பாகங்கள் வந்த பிறகு நடந்த முதல் காரியம் என்னை ஆச்சரியப்படுத்தியது. பளபளவென்றிருந்த போரைச் சொந்தக்காரர் சுடுதண்ணீரும் சோப்பும் போட்டுத் தேய்த்தார். போரைத் தேய்த்து முடித்த ஹோனிங் கல் விட்டுச்சென்ற நுண்துகள் பெட்ரோலிலும் மண்ணெண்ணெயிலும் முழுசாகப் போகாது, சோப்பு நுரைதான் அதைத் தூக்கிக்கொண்டு வரும். பிறகு ஆயில் தொட்ட வெள்ளைத் துணியால் துடைத்தார். துணி சாம்பலானது. மறுபடி சோப்பு. துணி வெள்ளையாகவே வரும்வரை விடவில்லை. விட்டிருந்தால் அந்தத் துகளே புது ரிங்குகளை அரைத்துத் தின்றிருக்கும்.

கோர்ப்பதில் ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். பிளாஸ்டிகேஜ் என்று ஒரு மெழுகு இழை விற்கிறார்கள், சேமியாவைவிட மெல்லியது. அதில் ஒரு துண்டை ஜர்னல்மேல் வைத்து, பியரிங் மூடியைப் போட்டு, டார்க் ரெஞ்சால் 70 பவுண்ட்-அடிக்கு இறுக்கி, மறுபடி கழற்றினார். இழை நசுங்கிப் பட்டையாகியிருந்தது. உறையில் அச்சிட்ட அளவுகோலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பட்டை அகலமானால் இடைவெளி குறைவு, ஒடுங்கினால் அதிகம். ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவே. “பெரியவர் எங்கே நிறுத்துவேன் என்றாரோ அங்கேயே நிறுத்தியிருக்கிறார்” என்றார். அடுத்த ஜர்னலுக்கும் அதே அகலம். அதற்கடுத்ததற்கும் அதே.

மற்றது எல்லாம் பொறுமைக் கணக்கு. டேப்பெட் வைப்பதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது: எட்டு வால்வு இன்ஜினில் எந்த வால்வு முழுசாகத் திறந்திருக்கிறதோ அதன் எண்ணை ஒன்பதிலிருந்து கழித்தால், இப்போது இடைவெளி வைக்க வேண்டிய வால்வு எது என்று தெரியும். எட்டாவது திறந்திருந்தால் முதலாவது, ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவது. அம்பாசடருக்கும் இதே கணக்கு பொருந்தும்.

ஸ்டார்ட் செய்த அன்று, முதலில் பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றினார், பிரஷர் முள் எழும்பும்வரை. பிறகு பிளக்கை மாட்டிச் சாவியைத் திருப்ப, இரண்டு எஸ்யு கார்புரேட்டர்களும் இருமி, இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஐட்லிங்குக்கு விடவே இல்லை. இருபது நிமிடம் இரண்டாயிரம் சுற்றுக்கு மேலேயே வைத்திருந்தார். புது கேம் ஷாஃப்ட்டின் மேடுகளுக்கு, கிராங்க் வேகமாகச் சுழன்று வாரி இறைக்கும் ஆயில்தான் உயிர். மெதுவாக ஓட்டினால் முதல் நாளே தேய்ந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். முள் அறுபதில் நின்றது.

பழைய கார் விழாக்களில் பானெட்டைத் திறந்துவைத்து, இன்ஜின் முழுக்கச் சொந்தக்காரர் கையாலேயே செய்தது என்று அட்டையில் எழுதி வைக்கிறார்கள். உழைப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அட்டையில் கிரைண்டிங் பட்டறையின் பெயரைக் கண்டதே இல்லை. பாகங்களுக்கு எம்ஜிபியில் பஞ்சமே கிடையாது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் 1988-லிருந்து முழு பாடியையே புதிதாக அச்சடித்து விற்கிறது. இந்தக் கார்கள் ஒருநாள் நின்றுபோனால் அது பாகம் கிடைக்காததால் இருக்காது. அரைத் தவ்வைக் காதால் கேட்கும் ஆள் கிடைக்காததால் இருக்கும். நம்மூரில் லாரிக்கும் டிராக்டருக்கும் கிராங்க் தீட்டும் பட்டறைகள் இன்னும் ஓடுகின்றன. அந்த வகையில் நாம் இங்கிலாந்தைவிட வசதியாக இருக்கிறோம்.

எம்ஜிபியோ அம்பாசடரோ, வீட்டில் இன்ஜினை இறக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஸ்பேனர் செட் வாங்குவதற்கு முன்னால் கிராங்க் கிரைண்டிங் பட்டறைக்குப் போய் நாள் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த எழுபது வயதுக்காரரிடம் இப்போது கிராங்க் கொடுத்தால் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும்.