முகமற்றோரின் முகம்

"கன்னியர் மடத்துப் பெண் ஒருத்தியின் கதை, பகுத்தறிவு பேசும் நமக்கு எதற்கு?" என்று கேட்டார் இளந்தோழர் ஒருவர். கேள்வி நியாயமானது. விடையும் நியாயமாக இருத்தல் வேண்டுமல்லவா? எனவே எழுதுகிறோம்.

2023 நவம்பரில் வெளிவந்த 'தி ஃபேஸ் ஆஃப் தி ஃபேஸ்லெஸ்' என்னும் இந்திப் படத்தைத் தாம்பரத்தில் தோழர்கள் சிலருடன் அமர்ந்து கண்டோம். முகமற்றோரின் முகம் என்பது அத்தலைப்பின் பொருள். இயக்கியவர் ஷைசன் பி. ஔசேப். அருட்சகோதரி ராணி மரியாவாக நடித்தவர் வின்சி அலோஷியஸ்.

யார் இந்த ராணி மரியா? கேரளத்தில் பெரும்பாவூருக்கு அருகே புல்லுவழி என்னும் சிற்றூரில், 1954இல் பிறந்த உழவர் மகள். துறவு பூண்டார், வடபுலம் சென்றார். 1992இல் மத்தியப் பிரதேசத்து உதயநகரை அடைந்தார். அங்கே பழங்குடி மக்கள் பகலெல்லாம் உழைத்தனர். விளைச்சலை வட்டிக்கடைக்காரன் வாரிக்கொண்டு போனான். பாட்டன் வாங்கிய கடனுக்குப் பேரன் அடிமை! விதியென்று நம்பி விழுந்து கிடந்தது ஒரு கூட்டம்.

அம்மையார் அவர்களிடம் விண்ணுலகைக் காட்டவில்லை, வங்கியைக் காட்டினார். அரசு தரும் உதவிகள் எவை, அவற்றை எப்படிக் கேட்டுப் பெறுவது என்று கற்பித்தார். ஒன்றுகூடி நிற்கச் செய்தார். தலைகுனிந்தவன் நிமிர்ந்தான். நிமிர்ந்தவனைக் கண்டு, குனிந்த முதுகின்மீது வாழ்ந்தவர்கள் கொதித்தனர்.

1995 பிப்ரவரி 25. இந்தூர் நோக்கிச் சென்ற பேருந்தில், மக்கள் பார்த்திருக்க, கத்தியால் குத்தப்பட்டு மாண்டார் ராணி மரியா. அவருடைய உடலில் ஐம்பதுக்கும் மேற்பட்ட காயங்கள். அகவை 41. குத்தியவன் ஓர் இளைஞன், ஏவப்பட்டவன். கத்தி பிடித்த கை ஒன்று, கத்தியைக் கொடுத்த கை வேறு! இதனை உணர்ந்ததால்தானோ என்னவோ, துறவியாயிருந்த அவருடைய தங்கையே 2002இல் சிறைக்குச் சென்று அவனை உடன்பிறந்தவனாக ஏற்றார்.

2017 நவம்பர் 4இல் கத்தோலிக்கத் திருச்சபை இந்தூரில் அவருக்கு 'அருளாளர்' என்ற நிலையை வழங்கிற்று. உயிர்க்கொடை அளித்தவருக்கு அப்பட்டம் வழங்க அற்புதம் ஏதும் தேவையில்லை என்பது திருச்சபையின் விதி. நமக்கும் தேவையில்லை. கடன்பட்டவன் கணக்குக் கேட்கத் தொடங்கினானே, அதைவிட அற்புதம் வேறு என்ன வேண்டும்?

இனி நம் ஊருக்கு வருவோம். அசாமிலிருந்தும் வங்கத்திலிருந்தும் தாம்பரத்துக்குத் தொடர்வண்டிகள் வருகின்றன. தோளில் ஒரு பை, கையில் ஒரு நெகிழி வாளி; இறங்கி வருகிறார்கள் இளைஞர்கள். பெருங்களத்தூரில், வண்டலூரில், சிறுசேரியில் வானளாவும் மாளிகைகளைக் கட்டுகிறார்கள். தகரக் கொட்டகையில் உறங்குகிறார்கள். ஏன் வந்தீர்கள் என்று கேட்டுப் பார்த்திருக்கிறோம். மொழி தடுமாறும், விடை மட்டும் தெளிவாக வரும்: நிலமில்லை, கடன் இருக்கிறது. உதயநகரில் ராணி மரியா எதிர்த்துப் போராடிய அதே பேய்தான், இவர்களை வண்டியேற்றித் தாம்பரத்துக்கு அனுப்புகிறது.

வரலாற்றின் விந்தையைப் பாருங்கள்! அம்மையாரின் சொந்த மண்ணான பெரும்பாவூரில் இன்று ஒட்டுப்பலகை ஆலைகளில் உழைப்போர், அசாமியரும் வங்கத்தவரும் ஒடியருமாவர். அங்கிருந்து ஒருத்தி வடக்கே தொண்டாற்றப் போனாள். வடக்கிலிருந்து ஆயிரமாயிரம் பேர் அங்கே பிழைக்க வந்தனர்.

வந்து சேர்ந்தோருக்காக வாழ்ந்த பெண்மணியும் உண்டு. இத்தாலியத் துறவி பிரான்செஸ்கா கப்ரினி 1889இல் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். இத்தாலிய ஏழைகள் அந்நகரில் இழிந்தோராக நடத்தப்பட்ட காலம் அது. திரும்பிப் போ என்றார் பேராயர். போகமாட்டேன் என்றார் கப்ரினி. 1917இல் மறைவதற்குள் பள்ளி, மருத்துவமனை, ஆதரவற்றோர் இல்லம் என 67 நிலையங்களைக் கண்டார். அவர் கதையும் 2024இல் படமாயிற்று. ஒருத்தி புறப்படும் ஊரில் போராடினாள். மற்றொருத்தி போய்ச் சேரும் ஊரில் போராடினாள். தாம்பரத்தில் வாழும் நாம், போய்ச் சேரும் ஊரின் மக்கள். நாம் என்ன செய்கிறோம்?

'வடக்கன்' என்கிறோம். 'பானிபூரி' என்று நகைக்கிறோம். தோழர்களே, இலங்கையில் நம்மவரைக் 'கள்ளத்தோணி' என்றார்களே, அப்போது நெஞ்சு எரிந்ததே! தேயிலைக் காட்டைத் தங்கள் எலும்பால் உரமிட்டு வளர்த்த தமிழரின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. 1964 ஒப்பந்தமோ, 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பப் பண்டம்போல் எண்ணிக் கணக்கிட்டது. அந்த ஏளனத்தின் சுவை அறிந்த நாவா மற்றவனை ஏளனம் செய்வது?

"இந்தியை எதிர்க்கும் நாம் இந்தி பேசுவோனை ஆதரிப்பதா?" என்று கேட்கலாம். 1965இல் மாணவர் எதிர்த்தது இந்தித் திணிப்பை. ஆணையிட்டுத் திணிப்பது ஆட்சி. செங்கல் சுமப்பவன் எதையும் யார்மீதும் திணிக்கவில்லை. "நம் கூலியைக் குறைக்கிறானே" என்பார் இன்னொருவர். குறைப்பவன் அவனா? குறைத்துக் கொடுப்பவன் எவனோ அவனன்றோ! இருவருக்கும் ஒரே கூலி என்று இருவரும் சேர்ந்து கேட்டால், குறைக்க எவனால் முடியும்? ஏழையை ஏழைமீது ஏவுவது உதயநகரோடு முடிந்துபோன சூழ்ச்சியன்று.

2014 சூன் 28இல் மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்தது. மாண்டோர் 61 பேர். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கூலிக்கு வந்தோர் அவர்களுள் பலர். இடிபாடு மொழி கேட்டுக் கொல்லவில்லை.

செய்ய வேண்டியது பெரிதன்று. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளருக்குப் பயணப்படியும் கூலிக் கணக்கேடும் தரவேண்டுமென்று 1979ஆம் ஆண்டிலேயே சட்டம் சொல்லிற்று. அவ்வுரிமைகள் இன்று எந்தச் சட்டத்தில் எவ்வாறு உள்ளன என்பதை அறிந்து, கொட்டகைக்குச் சென்று சொல்வோம். அவர்தம் பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்ப்போம். மாலையில் ஒரு மணி நேரம் தமிழ் கற்பிப்போம். ராணி மரியா உதயநகரில் செய்தது இதுதானே: தெரியாதவனுக்குத் தெரிவித்தார், தனித்து நின்றவனைச் சேர்த்து வைத்தார்.

அதற்கு அவருக்குத் தூண்டுகோல் கடவுள் நம்பிக்கை. நமக்கு மனிதப் பற்று போதும் என்கிறோம். போதும் என்பதைச் சொல்லிக் காட்டினால் போதாது தோழர்களே, கொட்டகை வாயிலில் நின்று செய்து காட்ட வேண்டும்!