மனக்கண்ணில் தெரிவதும் தாளில் விழுவதும்

எதிரே இல்லாத ஒன்றை மனத்துக்குள் பார்க்கும் திறன் எல்லாருக்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை. 1880இல் ஆங்கில அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன், அன்றைய காலைச் சாப்பாட்டு மேசையை நினைத்துப் பார்க்கும்படி பலரைக் கேட்டார். அறிவியலாளர்களில் பலருக்கு உருவம் எதுவுமே எழவில்லை. 1973இல் உளவியலாளர் டேவிட் மார்க்ஸ் இதை அளக்க 16 கேள்விகள் வகுத்தார். மனக்காட்சியே இல்லாத நிலைக்கு 2015இல் நரம்பியலாளர் ஆடம் சீமன் வைத்த பெயர் அஃபன்டேசியா.

படைப்பாளிக்கு மனக்கண் கூர்மையாக இருந்தே தீர வேண்டும் என்ற நம்பிக்கை பழையது. ஹைதராபாத் ஓவியர் தோட்டா வைகுண்டத்தைப் பார்த்தால் அது சரியென்றே தோன்றும். 1942இல் கரீம்நகர் பக்கத்துக் கிராமமொன்றில் பிறந்தவர் அவர். கறுத்த மேனி, நெற்றி நிறையப் பெரிய பொட்டு, மூக்குத்தி, கண்ணைப் பறிக்கும் சிவப்பிலும் மஞ்சளிலும் சேலை: நகரத்தில் வாழ்ந்தபடி அவர் திரும்பத் திரும்ப வரைந்தது இந்தத் தெலங்கானாப் பெண்களைத்தான். தாயின் நினைவும், ஊருக்கு வந்த நாடகக் குழுக்களில் பெண்வேடம் கட்டிய ஆண்களின் நினைவும் இவர்களுக்கு மூலம். பார்த்த முகம் அப்படியே படத்துக்கு வந்துவிடவில்லை. தோள் அகன்றது, கண் நீண்டது, நிறங்கள் சிலவாகக் குறைந்தன. நினைவுக்கும் படைப்புக்கும் நடுவே உள்ள வேலை இந்த மாற்றம்தான். ‘தாசி’ திரைப்படத்தின் கலை இயக்கத்துக்காக அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. அங்கே மனத்தில் இருந்த பழைய தெலங்கானா, நடிகர்கள் நடமாடும் வீடாகவே எழ வேண்டியிருந்தது.

வைகுண்டமும் அவருக்கு மூத்த ஓவியர் லக்ஷ்மா கௌடும் ஹைதராபாதில் படித்துவிட்டுப் பரோடா சென்று ஓவியர் கே. ஜி. சுப்பிரமணியனிடம் பயின்றவர்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்த சுப்பிரமணியனுக்குச் சாந்திநிகேதனில் ஆசிரியர்களாக இருந்தவர்களில் ஒருவர் ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜி. 1950களில் பார்வையை முற்றிலும் இழந்த பிறகும் பினோத் பிஹாரி காகிதத்தை வெட்டி ஒட்டினார், கோடு வரைந்தார், ஓடுகளால் சுவரோவியம் அமைத்தார். மனக்காட்சி எவ்வளவு தாங்கும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேடுவது கடினம். ஆனாலும் அவர் விரல்கள் காகித ஓரத்தைத் தடவித் தடவியே வடிவத்தைச் சரிபார்த்தன. பல்லாண்டு வரைந்து பழகிய கை அது. இதை மறந்துவிட்டு மனக்கண்ணை மட்டும் புகழ்வது பாதிக் கதை.

மறுபக்கமும் உண்டு. பிக்ஸார் நிறுவனத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான எட் கேட்மலுக்கு மனக்காட்சி கிடையாது. டிஸ்னியின் ‘கடற்கன்னி’ ஏரியலை வரைந்த கிளென் கீனுக்கும் இல்லை. கீன் தாளில் கிறுக்கத் தொடங்கி, கோடுகளுக்குள்ளேயே உருவத்தைத் தேடி எடுப்பவர். கலைத் தொழில்களில் மனக்காட்சி மிகுந்தவர்களும், அறிவியல், கணக்குத் துறைகளில் அது இல்லாதவர்களும் சற்றுக் கூடுதலாகக் காணப்படுவதாகச் சீமன் குழுவின் ஆய்வு சொல்கிறது. அது ஒரு சாய்வு மட்டுமே, விதி அல்ல.

வைகுண்டம் ஹைதராபாதில் படித்த பழைய கல்லூரி இன்று ஜவாஹர்லால் நேரு கட்டடக்கலை மற்றும் நுண்கலைப் பல்கலைக்கழகத்தின் பகுதி. அதன் நுண்கலைச் சேர்க்கைத் தேர்வில் நினைவிலிருந்து வரையும் பகுதி உண்டு. மாணவர் மனத்தில் என்ன கண்டார் என்பதை அங்கே யாரும் கேட்பதில்லை. தாளில் உள்ளதற்குத்தான் மதிப்பெண்.