தாங்கும் படுக்கை

உழைத்த உடலுக்கு இரவு அளிக்கும் ஊதியமே உறக்கம். அவ்வுறக்கத்திற்கு இடமாவது படுக்கை. பண்டைத் தமிழர் படுக்கையை எளிதாக எண்ணினாரல்லர். நக்கீரர் இயற்றிய நெடுநல்வாடை, பாண்டிமாதேவியின் யானைத் தந்தக் கட்டிலையும், அதன்மேல் அன்னத்தின் தூவி பரப்பிய அணையையும் விரித்துரைக்கின்றது. அன்னத்தூவி, இலவம்பஞ்சு, செம்பஞ்சு, வெண்பஞ்சு, மயிர் என்னும் ஐந்தாலும் அமைந்த படுக்கையைப் பஞ்சசயனம் என முன்னோர் வழங்கினர். எனினும், அத்துணை மென்மையான அணையின்மேலும் அவ்வரசி உறங்கினாளில்லை. போர்க்களம் சென்ற கணவனை எண்ணிக் கண்ணீர் வடித்தாள். மென்மை ஒன்றே துயிலைத் தந்துவிடாது என்பதற்கு இஃது ஒரு சான்று. அவளுக்கிருந்தது உள்ளத்து வலி. உடலில் வலியுடையார்க்கும் இவ்வுண்மை பொருந்துமோ? பொருந்தும் என்பதை ஓர் எளிய குடும்பத்தின் நிகழ்ச்சியால் அறியலாம்.

இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகியவை தோல் தொழிலால் பெயர் பெற்ற ஊர்கள். சுண்ணாம்பு நீரில் ஊறிய தோல் மிகுந்த கனமுடையது. அதனைக் குனிந்து எடுத்தலும், நிமிர்ந்து சுமத்தலும், மீண்டும் குனிந்து அடுக்குதலும் ஆடவரின் முதுகை வருத்தும். காலணித் தொழிற்சாலைகளில் பெண்கள் பலர் தையற்பொறியின்முன் நாள் முழுவதும் குனிந்தமர்ந்து தோலைத் தைக்கின்றனர். உலகின் பல நாட்டு மக்கள் அணிந்து நடக்கும் காலணிகளுக்குப் பின்னால் இம்முதுகுகளின் உழைப்பு மறைந்து நிற்கின்றது.

ஆம்பூரில் ஒரு தொழிலாளி முப்பது ஆண்டுகள் ஈரத்தோல் சுமந்தார். பின்னர் அவர்தம் இடுப்பில் வலி தோன்றிற்று. காலையில் எழுந்து நிமிர்வதற்கே அவர் சுவரைப் பற்ற வேண்டியதாயிற்று. வேலைக்குச் செல்லாத நாளுக்குக் கூலி இல்லை. கூலி இல்லாவிடின் இளைய மகனின் படிப்பு நின்றுவிடும். மூத்தவளாகிய மகள் காலணித் தொழிற்சாலையில் தையல் வேலை செய்பவள். கோரைப்பாயில் படுத்துத் தந்தை படும் துன்பத்தைக் கண்ட அவள், தீபாவளிக்குக் கிடைத்த போனஸ் முழுவதையும் எடுத்துக்கொண்டு கடைக்குச் சென்றாள். கையை வைத்தால் கை புதையும் மெத்தை ஒன்றைக் கண்டாள். “அப்பாவின் இடுப்புக்கு இதனினும் சுகம் வேறு உண்டோ?” என்றெண்ணி அதனை வாங்கி வந்தாள்.

முதல் இரவு இன்பமாகக் கழிந்தது. ஒரு கிழமை சென்றதும் வலி முன்னினும் மிகுந்தது. “கட்டிலில் பலகையைப் போட்டுப் படும், இடுப்பு வலிக்குக் கட்டையே மருந்து” என்றனர் அண்டை வீட்டார். அவ்வாறே செய்தார். அப்போது தோளும் இடுப்பெலும்பும் நொந்தன. இரவெல்லாம் புரண்டு விழித்திருந்தார். கடைக்காரரோ படுத்த மெத்தையைத் திரும்பப் பெற மறுத்துவிட்டார். மகளின் ஓராண்டு உழைப்பு வீணாயிற்றே என்னும் வருத்தம் அவருக்கு இடுப்பு வலியினும் பெரிதாயிற்று.

அவ்வேளையில் மெத்தை தைக்கும் பெரியவர் ஒருவர் தெருவழியே வந்தார். தொழிலாளி அவரை அழைத்து, “பாய், என் முதுகு மெத்தென்ற அணையையும் ஏற்கவில்லை, கட்டையையும் ஏற்கவில்லை. நான் எங்கே படுப்பது?” என்று வினவினார். பெரியவர் நகைத்து, “அண்ணே, மெத்தையைக் கையால் பார்த்து வாங்கலாகாது; முதுகால் பார்த்து வாங்க வேண்டும்” என்றார். மேலும் அவர் கூறலானார்: “மல்லாந்து படுத்து, இடுப்பின் வளைவுக்கும் மெத்தைக்கும் நடுவே கையை நுழைத்துப் பாருங்கள். கை தடையின்றிப் போய்வந்தால் அது மிகக் கடினம். கை நுழையாமலும், புரள்வதற்கு அரிதாகவும் இருந்தால் அது மிக மென்மை. சற்று முயன்றால் நுழையுமாயின் அதுவே தக்கது. ஒருக்களித்துப் படுக்கும்போது கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகு நேராக நிற்க வேண்டும். கடையில் ஒரு நொடி அமர்ந்து பார்ப்பது போதாது. பத்து நிமிடமேனும் படுத்துப் பார்க்க வேண்டும்.”

பெரியவரின் பட்டறிவை உடற்கூற்று அறிவும் ஒப்புகின்றது. முதுகெலும்பு நேரான கோல் அன்று. இடுப்பருகே அஃது உள்நோக்கி வளைந்துள்ளது. முள்ளெலும்புகளின் இடையிலுள்ள வட்டுகள் பகலில் சுமையால் அழுந்தி நீரை இழக்கின்றன. இரவில் நீரை மீண்டும் பெறுகின்றன. ஆதலின், மனிதன் காலையில் மாலையினும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயர்ந்திருக்கின்றான். மிக மென்மையான மெத்தையில் கனமிகுந்த இடுப்பு தாழ்ந்து முதுகு தூளிபோல் வளைகின்றது. மிகக் கடினமான படுக்கையிலோ இடுப்பின் வளைவு தாங்கலின்றி நிற்கின்றது. 2003 ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டு மருத்துவர்கள் நாட்பட்ட இடுப்பு வலியுடைய 313 பேரை ஆராய்ந்து, அதன் முடிவை வெளியிட்டனர். அவர்களுள் சிலர்க்குக் கடினமான மெத்தையும், ஏனையோர்க்கு நடுத்தர உறுதியுள்ள மெத்தையும் தரப்பட்டன. 90 நாட்களுக்குப் பின் நடுத்தர மெத்தையில் படுத்தவர்களே மிகுதியான நலம் பெற்றிருந்தனர்.

வீட்டுப் பரணில், திருமணச் சீராக வந்த பழைய இலவம்பஞ்சு மெத்தை ஒன்று கிடந்தது. இருவர் படுக்கும் அகலமுடையது. இலவம்பஞ்சின் இழை உட்குழல் உடையது. உள்ளே காற்று நிறைந்திருத்தலின் எடை குறைந்தது. ஆனால், நாட்பட அழுந்திக் கட்டிகட்டியாகிவிடும். பெரியவர் அதனைப் பிரித்து, வெயிலில் உலர்த்திக் கோலால் அடித்தார். அப்போது மகள் அவருக்கு மோர் கொண்டு வந்தாள். குவளையைக் கீழே வைத்தவள், ஒரு கையை இடுப்பில் ஊன்றியே நிமிர்ந்தாள்.

தந்தை திடுக்கிட்டார். “உனக்கும் வலிக்கின்றதா, அம்மா?”

“நாளெல்லாம் குனிந்து தைப்பதால் வருவது, அப்பா. பெரிதொன்றுமில்லை” என்று மகள் தலை குனிந்தாள்.

தந்தையின் கண்கள் கலங்கின. “பாய், இரண்டாகத் தைத்துவிடுங்கள்” என்றார். பெரியவர் குறைந்த அளவுக்குப் புதுப்பஞ்சு சேர்த்து நன்கு திணித்து, பஞ்சு நகராவண்ணம் இடையிடையே முடிச்சிட்டு, இரண்டு மெத்தைகள் தைத்தார். ஒவ்வொன்றின் அடியிலும் தென்னைநார் விரிப்பை வைத்தார்.

பின்னர் இருவரும் மருத்துவரைக் கண்டனர். “படுக்கை வலியைக் குறைக்க உதவும், ஆனால், நாள் முழுதும் படுத்திருத்தல் மருந்தாகாது. இயன்ற அளவு நடந்து பழகுங்கள். வேலையின் இடையிடையே எழுந்து நிமிருங்கள். காலில் மரப்போ வலுக்குறைவோ தோன்றினும், சிறுநீரை அடக்க இயலாது போயினும் உடனே வாருங்கள்” என்றார் அவர்.

படுக்கையிலிருந்து எழுதலின் பெருமைக்கு வேலூரிலேயே ஒரு சான்று உண்டு. 1954 ஆம் ஆண்டில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த மருத்துவர் மேரி வர்கீஸ், ஊர்தி விபத்தில் முதுகுத்தண்டில் காயமுற்று இரு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். அவருற்றது இடுப்பு வலியினும் மிகக் கொடியது. எனினும், அவர் படுக்கையோடு அடங்கினாரில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். அவர் முயற்சியால் 1966 ஆம் ஆண்டில் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972 ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

ஆம்பூர்த் தொழிலாளியின் வலி ஒரே நாளில் நீங்கிவிடவில்லை. ஆயினும், சில கிழமைகளில் அவர் சுவரைப் பற்றாமல் எழுந்தார். மகளும் தன் வலியை மறைப்பதை விட்டாள். நல்ல படுக்கை யாது? கைக்கு மென்மை காட்டுவதன்று; கட்டைபோல் விறைத்து நிற்பதுமன்று. இரவில் உடலைத் தாங்கி, காலையில் அதனை உழைப்பிற்கு எழுப்பிவிடுவதே நல்ல படுக்கை. ஒருவர் வலியை மற்றொருவர் அறிந்து தாங்கும் குடும்பமும் அத்தகையதே அன்றோ?