என் பங்குக்குச் சில பக்கங்கள்

பிள்ளைக்கு வாசித்துக் காட்டுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பள்ளிக் கூட்டத்தில் டீச்சர் சொல்கிறார், அங்கன்வாடியில் சொல்கிறார்கள், செல்போனில் வரும் வீடியோவும் சொல்கிறது. நானும் ஆசையோடுதான் வாசித்துக் காட்டுகிறேன். ஆனால் “நீங்க என்ன படிக்கிறீங்க?” என்று ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டால் சொல்ல நிறைய இருக்கிறது. அதற்குத்தான் இந்த நோட்டு.

*

ஏ ஷிப்ட் வாரத்தில் விடியுமுன் கம்பெனி பஸ் வந்துவிடும். ஏறியவர்கள் தூங்கட்டும் என்று உள்விளக்கை அணைத்துவிடுவார்கள். கம்பெனி லைனுக்குள் போனும் போகாது, புத்தகமும் போகாது. அந்த வாரம் இரவுகள் பிள்ளைகளுக்கு. கதை முடிவதற்குள் எனக்கே கண் சொருகிவிடும். சின்னவன் தோளைத் தட்டி எழுப்புவான்.

பி ஷிப்ட் வாரம்தான் என் வாசிப்பு. பிள்ளைகளை அனுப்பி, சமையலை முடித்து, பஸ்ஸுக்குக் கிளம்பும் வரை. ஆனால் அந்த வாரம் பிள்ளைகளுக்கு அம்மா கதை இல்லை. வீடு திரும்பும்போது அவர்கள் தூங்கியிருப்பார்கள். ஒருவர் பங்கு கிடைக்கும் வாரத்தில் மற்றவர் பங்கு போய்விடுகிறது. எங்கள் ஒரகடத்தில் எத்தனையோ அம்மாக்களுக்கு இதே கணக்குதான்.

*

பெரியவள் நாலாம் வகுப்பு, அரசுப் பள்ளி. வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் கொண்டுவருகிறாள். நுழை, நட, ஓடு, பற என்று நாலு படி வைத்துப் பிரித்திருக்கிறார்கள். “நான் ‘நட’ முடிச்சிட்டேன்” என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அளவான பக்கம், சின்னச் சின்ன வாக்கியம். குழந்தையைப் பயமுறுத்தாத புத்தகம் செய்வது லேசான வேலை இல்லை. செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். பெரியவர்களுக்கும் இப்படி நாலு படி வைத்தால் என்ன என்று தோன்றியது. பத்தாவதோடு நின்று, வருடக்கணக்காகப் புத்தகம் தொடாத பெண்கள் என் லைனில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ‘நுழை’ எது?

*

சின்னவன் எழுத்துக் கூட்டுவது போர்டுகளைப் பார்த்துத்தான். ‘இருங்காட்டுக்கோட்டை’யை ஒருவழியாகக் கடந்துவிட்டான். ‘ஸ்ரீபெரும்புதூர்’ முதல் எழுத்திலேயே நின்றுபோகிறது. 247-ல் அது இல்லையே, அவன் என்ன செய்வான்!

*

நாவலாசிரியை வை.மு. கோதைநாயகி அம்மாள் பிறந்த ஊர் நீர்வளூர். காஞ்சிபுரம் பக்கம், எங்களுக்குத் தூரமே இல்லை. இத்தனை காலம் இங்கே இருந்தும் தெரியாமல் இருந்தது.

1901-ல் பிறந்தவர். ஐந்தரை வயதில் கல்யாணம் ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் போனதில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை உட்காரவைத்துத் தானே கட்டிய கதைகளைச் சொல்வாராம். சரளமாக எழுத வராத அந்தக் காலத்தில், அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதிக் கொடுத்ததுதான் முதல் நாடகம், ‘இந்திர மோகனா’. பிறகு தானே எழுதப் பழகினார். 1925-ல் ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை எடுத்து நடத்தினார். நூற்றுக்கு மேல் நாவல்கள். விடுதலைப் போராட்டத்தில் சிறைக்குப் போனார், அங்கும் எழுதினார்.

நாவல்களின் எண்ணிக்கையை விட எனக்குப் பெரிதாகப் படுவது பட்டம்மாள். அவருக்கும் வீட்டு வேலை இருந்திருக்கும். அதற்கு நடுவே இன்னொருத்தியின் கதைக்குக் கையைக் கொடுத்திருக்கிறார். ஒரு பெண்ணின் வாசிப்புக்கும் எழுத்துக்கும் பக்கத்தில் இப்படி ஒருத்தி வேண்டியிருக்கிறது. இன்னொன்று: பிள்ளைகளுக்குக் கதை சொன்னதோடு கோதைநாயகி நின்றுவிடவில்லை. சொல்லச் சொல்ல அவருக்கே பசி எடுத்திருக்கிறது. பிள்ளைக்கு வாசித்துக் காட்டச் சொல்கிறவர்கள் அந்தப் பசியையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

*

பக்கத்து போர்ஷனில் ஒடிசாக் குடும்பம். அந்த அம்மாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவர் பிள்ளை என் சின்னவனோடுதான் நாள் முழுக்க. பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதை பல மொழிகளில் இலவசமாகக் கிடைக்கும், படங்கள் மாறாது. ஞாயிறு மதியம் வாசற்படியில் உட்கார்ந்தோம். ஒரு பக்கத்தை நான் என் போனில் தமிழில் படித்தேன். அதே பக்கத்தை அவர் தன் போனில் ஒடியாவில் படித்தார். இரண்டு வாண்டுகளும் மாறி மாறி எட்டிப் பார்த்தார்கள். மூன்றாவது பக்கத்தில் என் மகன் ஒடியாவில் சிரிக்க வேண்டிய இடம் வருமுன்னே சிரித்துவிட்டான்.

ஊருக்குப் போனில் பேசுவது உண்டு, ஆனால் தன் மொழியை வாய்விட்டுப் படித்து வெகுநாளாயிற்று என்றார் அந்த அம்மா. பிள்ளைக்காக ஆரம்பித்தது, அவருக்காகவும் ஆகிவிட்டது. இப்போது அவரே போனைத் தூக்கிக்கொண்டு வந்து கூப்பிடுகிறார்.

*

கிளை நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய உதவி. பொது நூலகச் சட்டம் மதராஸ் மாகாணத்தில் 1948-லேயே வந்துவிட்டது. வீட்டு வரியோடு நூலக வரியும் போகிறது. வாடகைக்கு இருந்தாலும் அதில் என் காசும் உண்டு என்றே நினைக்கிறேன். அந்த உரிமையோடுதான் உள்ளே போகிறேன்.

*

ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ நாவலை ஒரு பி ஷிப்ட் வாரத்தில் முடித்தேன். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்கள். நேரில் போய்ப் பார்த்து, பழகி எழுதியவர் அவர். அது வரிக்கு வரி தெரிகிறது. உப்பளத்தில் இறங்கியதில்லை நான். ஆனால் நாள் முழுக்க நின்ற காலோடு வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைப்பது தெரியும்.

வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய பெண்கள் விடுதி 2024 ஆகஸ்டில் திறந்தது. 18,720 பேர் தங்கலாம். என் லைனில் எனக்கு அடுத்து நிற்கும் பெண் அங்கேதான் இருக்கிறாள், தென்மாவட்டத்துக்காரி. புத்தகத்தைக் கொடுத்தேன். அவள் அறையில் நாலு பேர் கை மாறி, மூலை மடங்கித் திரும்பி வந்தது. “எங்க சித்தி உப்பளத்துலதான் இருந்தாங்கக்கா” என்றாள். அவ்வளவு நாள் பக்கத்தில் நின்று வேலை செய்தும் அவள் அதைச் சொன்னதில்லை.

அடுத்து அந்த அறைப் பெண்கள் ராஜம் கிருஷ்ணனின் ‘கூட்டுக் குஞ்சுகள்’ கேட்கிறார்கள். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றியது. நூலகத்தில் இருக்கிறதா என்று ஞாயிறு பார்க்க வேண்டும். விடுதி முகவரிக்கு உறுப்பினர் அட்டை தருவார்களா என்றும் கேட்க வேண்டும். தந்தால் அவர்களே போய்ப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம்.