குண்டு காப்பாகும் கிராமம்

லாவோஸ் தேசத்தின் வடகிழக்கே, சியெங் குவாங் மாகாணத்திலே, நாப்பியா என்றொரு சிற்றூர் உண்டு. 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் அந்நாட்டின்மீது 20 இலட்சம் தொன்னுக்கும் அதிகமான குண்டுகளைச் சொரிந்தன. போர் ஓய்ந்தபின், வயலிலும் காட்டிலும் சிதறிக் கிடந்த அலுமினியத் துண்டுகளைப் பொறுக்கி உருக்குவதை இவ்வூரார் கைத்தொழிலாகக் கொண்டனர்.

வீட்டின் அருகே மண் உலை; அதில் விறகுத் தீ. மரமும் சாம்பலும் கொண்டு அமைத்த அச்சிலே உருகிய உலோகத்தை வார்க்கின்றனர். சிறிது நேரத்தில் அது இறுகிவிடும். விளிம்பை அராவி மெருகிட்டால் வெள்ளிபோல் ஒளிரும் காப்பொன்று கைக்கு வரும். முதலில் வார்த்தவை கரண்டிகளே. பயணிகள் வரத் தொடங்கிய பின்னரே காப்புகள் தோன்றின.

ஆயினும், வீசப்பட்ட ஏறத்தாழ 27 கோடி சிறு குண்டுகளில் 8 கோடி வரை வெடிக்காமலே தங்கின என்பது மதிப்பீடு. அவற்றைப் பந்தென்று எண்ணி எடுத்து மாண்ட சிறுவர் பலர். ஆகவே, காப்பு வாங்குவோர், “இவ்வுலோகம் ஆபத்தின்றி எடுக்கப்பட்டதா?” என்று வினவுதல் கடமையாகும்.

தமிழிலே காப்பு என்னும் சொல் அணியையும் காவலையும் ஒருங்கே குறிக்கும். அணிபவர் கைக்கு அழகாவது, உலோகம் தேடுபவர் உயிருக்கும் காவலாக அமைந்தாலன்றோ அது காப்பு!