90 போல்ட்டும் ஒரு டிக் மார்க்கும்

நான் படிப்பது பி.காம். விமானத்துக்கும் எனக்கும் உள்ள ஒரே சம்பந்தம், மொட்டை மாடியில் படுத்திருக்கும்போது அது தலைக்கு மேலே பறப்பதுதான் :-) ஆனாலும் ஒரு பழைய விமானச் சம்பவத்தைப் பற்றிப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1990 ஜூன் 10. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினில் உள்ள மலாகாவுக்கு 81 பயணிகளோடு கிளம்பியது ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம். சுமார் 17,300 அடி உயரத்தில் கேப்டனுக்கு முன்னால் இருந்த கண்ணாடி பிய்த்துக்கொண்டு போய்விட்டது. உள்ளே இருந்த காற்றழுத்தம் கேப்டனையும் வெளியே தள்ளியது. உடம்பு வெளியே, கால் மட்டும் உள்ளே! பணியாளர்கள் அவரை விடாமல் பிடித்துக்கொள்ள, துணை விமானி தனியாளாக சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் உட்பட எல்லோரும் பிழைத்தார்கள்.

என்ன காரணம்? முந்தைய நாள் விடியற்காலையில்தான் அந்தக் கண்ணாடியை மாற்றியிருந்தார்கள். மொத்தம் 90 போல்ட். அதில் 84 போல்ட்டின் விட்டம் 0.026 அங்குலம் குறைவு. அதாவது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. மீதி 6 போல்ட் நீளம் குறைவு.

மாட்டியவர் சோம்பேறியா, திருடனா? இரண்டும் இல்லை. நைட் ஷிப்டின் மேலாளர். ஆள் பற்றாக்குறை என்பதால் அந்த வேலையைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தவர். கழற்றிய பழைய போல்ட்டை வைத்துக் கண்ணளவில் ஒப்பிட்டுப் புதியதை எடுத்தார். ஸ்டோரில் இருந்தவர் இந்த வேலைக்கு வேறு சைஸ் என்று சொல்லியும் உதிரிபாகப் புத்தகத்தைத் திறந்து பார்க்கவில்லை. இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற விதியும் அந்த வேலைக்குக் கிடையாது. அவரே செய்தார், அவரே கையெழுத்துப் போட்டார்.

இதில் இன்னொன்று. கழற்றிய பழைய போல்ட்டுகளிலும் பெரும்பாலானவை தவறான நீளம்தான்! ஆனால் அவை வருஷக்கணக்கில் தாங்கின. தாங்கியதால் அதுதான் சரி என்று ஆகிவிட்டது.

இங்கேதான் எனக்கு உறைத்தது. போன விடுமுறையில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பழகப் போயிருந்தேன். ஒரு மொத்த வியாபாரியின் குடோனில் சரக்கு எண்ணச் சொன்னார்கள். மே மாத வெயில், தகரக் கூரை, புழுக்கம். முன்வரிசைப் பெட்டிகளை எண்ணினேன். பின்வரிசைக்கு, குடோன்காரர் சொன்ன எண்ணிக்கையை வைத்து டிக் அடித்துவிட்டேன். என் டிக்கை நம்பி சீனியர் கையெழுத்துப் போட்டார்.

கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கு (1896) நம் வகுப்பில் எல்லோருக்கும் மனப்பாடம். ஆடிட்டர் காவல் நாய்தான், மோப்ப நாய் இல்லை. மேலாளர் தந்த சரக்குக் கணக்கை நம்பியது அங்கே குற்றமில்லை என்றார்கள். அதைச் சொல்லித்தான் நானும் மனசைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் அந்த ஆடிட்டர்கள் எண்ணியதாகச் சொல்லவில்லையே! நான் அடித்த டிக்குக்கு 'எண்ணினேன்' என்றல்லவா அர்த்தம்?

இரண்டு நாள் யோசித்துவிட்டு சீனியருக்கு போன் செய்தேன். "அண்ணா, பின்வரிசையை நான் எண்ணலை." கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "நாளைக்கு வா, ரெண்டு பேரும் போவோம்" என்றார்.

எண்ணினோம். ஒரு பெட்டிகூடக் குறையவில்லை. "பாத்தியா, சரியாத்தான் இருக்கு" என்றார் குடோன்காரர். எனக்கு அந்தப் பழைய போல்ட்டுகள்தான் ஞாபகம் வந்தன. அவையும் தாங்கத்தான் செய்தன. பெட்டிகள் சரியாக இருந்தது என் அதிர்ஷ்டம். டிக் பொய்தான்.

அந்த மேலாளர் கெட்டவர் இல்லை என்பதுதான் என்னை இன்னும் பயமுறுத்துகிறது. கெட்டவனாக இருக்கக்கூடாது என்று முடிவு எடுப்பது சுலபம். 'எனக்குத் தெரியும்' என்று தோன்றும் நேரத்தில் புத்தகத்தைத் திறந்து பார்ப்பது... அதற்கு இன்னும் பழக வேண்டும்.