ஹாங்காங் பொம்மை வீதி: காரைக் கவிழ்த்தால் கதை தெரியும்!

ஹாங்காங் தீவின் வான்சாய் பகுதி. 'டிங் டிங்' என்று மணியடித்தபடி ஊர்ந்து வரும் மாடி ட்ராமிலிருந்து ஜான்ஸ்டன் சாலையில் இறங்கி, பக்கத்துச் சந்துக்குள் நுழைந்தால் தாய் யுவன் தெரு. உள்ளூர்க்காரர்களுக்கு அது 'பொம்மை வீதி'. தெரு நடுவே துணிமணியும் சில்லறைச் சாமான்களும் விற்கும் பச்சை நிறப் பெட்டிக்கடைகள். அவற்றுக்குப் பின்னால், கூரைவரை பொம்மைகள் அடுக்கிய கடைகள்.

குழந்தைகள் பொம்மை காரை எடுத்ததும் தரையில் ஓட்டிப் பார்ப்பார்கள். பழைய கார்களைச் சேகரிப்பவர்களோ முதலில் அதைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். எங்கே தயாரானது என்பது அடிப்பகுதியில்தானே இருக்கிறது! அவர்களிலும் ஒரு தனி ரகம் உண்டு. அந்த ரகத்தினர் தேடுவது அசலை அல்ல, நகலை!

தீப்பெட்டிக்குள் ஒரு வண்டி

கதை தொடங்குவது லண்டனில். 1947-ல் லெஸ்லி ஸ்மித், ரோட்னி ஸ்மித் என்ற இரு நண்பர்கள் தங்கள் பெயர்களைச் சேர்த்து 'லெஸ்னி' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்களோடு சேர்ந்த ஜாக் ஓடெலின் மகள் படித்த பள்ளியில் ஒரு விதி இருந்தது. தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டும்தான் கொண்டுவரலாம். அப்பா ஒரு குட்டி ரோடு ரோலரைச் செய்து தீப்பெட்டியில் போட்டுக் கொடுத்தார். வகுப்பே ஆசைப்பட்டது. 1953-ல் 'மேட்ச்பாக்ஸ்' கார்கள் கடைக்கு வந்தன.

உருக்கிய துத்தநாகக் கலவையை அச்சுக்குள் அழுத்தி வார்ப்பதுதான் டை-காஸ்ட் முறை. லிவர்பூலின் டிங்கி, வேல்ஸின் கார்கி, லண்டனின் மேட்ச்பாக்ஸ் ஆகிய மூன்றும் இப்படித்தான் உலகக் குழந்தைகளின் கைகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

வீடே தொழிற்சாலை

மேட்ச்பாக்ஸ் பிறந்த அதே 1953-ன் கிறிஸ்துமஸ் இரவில், ஹாங்காங்கின் ஷெக் கிப் மெய் குடிசைப் பகுதி தீப்பற்றி எரிந்தது. சீனாவிலிருந்து வந்து தஞ்சமடைந்திருந்தவர்கள் உட்பட 50,000-க்கும் அதிகமானோர் ஒரே இரவில் வீடிழந்தனர். அவர்களுக்காக அரசு அடுக்குமாடிக் குடியிருப்புகளைக் கட்டியது. சுமார் 120 சதுர அடி அறையில் ஒரு முழுக் குடும்பம். கழிப்பறை எல்லோருக்கும் பொது.

அந்த அறைகளில்தான் ஹாங்காங்கின் பொம்மைத் தொழிலும் வளர்ந்தது. தொழிற்சாலைகள் மூட்டை மூட்டையாக உதிரிப் பாகங்களை வீடுகளுக்கு அனுப்பின. இரவு சாப்பாடு முடிந்ததும் அம்மா, பாட்டி, பிள்ளைகள் எல்லோரும் உட்கார்ந்து பிளாஸ்டிக் பூக்களைக் கோத்தார்கள். பொம்மைகளைப் பொருத்தி வண்ணம் தீட்டினார்கள். எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி. விடிந்ததும் எல்லாம் மூட்டையாகத் திரும்பிப் போகும். செய்த பிள்ளைக்கு அதில் ஒன்றுகூடச் சொந்தமில்லை.

1950, 60-களில் டிங்கி, கார்கி, மேட்ச்பாக்ஸ் கார்களைப் பார்த்து, பெரும்பாலும் பிளாஸ்டிக்கில் செய்த மலிவான நகல்கள் இங்கிருந்து கப்பலேறின. பிரிட்டனில் 'ஹாங்காங் தயாரிப்பு' என்றாலே மட்டம் என்ற எண்ணம் இருந்தது. எனவே பல பொம்மைகளில் 'எம்பயர் மேட்', அதாவது பேரரசுத் தயாரிப்பு என்று பொறித்தார்கள். அதில் பொய்யில்லை. ஹாங்காங் அப்போது பிரிட்டிஷ் காலனிதானே! ஊர்ப்பெயர் மட்டும் மறைந்துபோனது.

நகலைக் கண்டுபிடிப்பது எப்படி?

முதல் சோதனை எடை. உலோகக் கார் உள்ளங்கையில் கனக்கும். பிளாஸ்டிக் நகல் காற்றாக இருக்கும். இரண்டாவது அளவு. அசல் காரையே மாதிரியாக வைத்து அச்சு எடுத்தால், வார்த்தது ஆறும்போது சற்றுச் சுருங்கும். அதனால் அப்படிச் செய்த நகல் அசலைவிடக் கொஞ்சம் சிறியதாகவும், கதவுக் கோடுகளும் முன் கிரில்லும் மழுங்கியும் இருக்கும். மூன்றாவது, தரையில் தேய்த்துவிட்டால் 'விர்'ரென்று ஓடும் பொறி. அசலில் இல்லாத இந்த வசதி பல நகல்களில் உண்டு.

அசல் காரைப் பெட்டியோடு பத்திரப்படுத்தியவர்கள் உண்டு. நகலை யார் பத்திரப்படுத்துவார்கள்? உடைந்தால் குப்பைதான். அதனாலேயே முழுசாகத் தப்பிய நகலுக்கு இன்று தனி மவுசு.

அசலா, நகலா என்று சொல்ல முடியாத கார்களும் உண்டு. அவை நம் நாட்டுக்காரை. 1960-களின் இறுதியில் டிங்கியின் பழைய அச்சுகள் சில கல்கத்தாவுக்கு வந்தன. அவற்றில் வார்த்த கார்கள் 'நிக்கி டாய்ஸ்' என்ற பெயரில் விற்பனையாயின. அச்சு அசல், பெயர் மட்டும் வேறு. ஜாகுவார் ஈ-டைப், எம்ஜிபி எல்லாம் அந்த வரிசையில் வந்தன. இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களும் அவற்றைத் தேடுகிறார்கள்.

அசலை வாங்கிய ஊர்

1982-ல் லண்டனின் லெஸ்னி நிறுவனம் திவாலானது. மேட்ச்பாக்ஸை விலைக்கு வாங்கியது ஹாங்காங்கின் யுனிவர்சல் டாய்ஸ். தயாரிப்பும் ஹாங்காங், மக்காவ் பக்கம் நகர்ந்தது. பிறகு பிராண்டு கைமாறி, 1997-ல் அமெரிக்காவின் மேட்டல் வசம் போனது.

அதனால்தான் சேகரிப்பவர்கள் காரைக் கவிழ்த்ததும் ஆண்டையும் யோசிக்கிறார்கள். 1960-களின் கார் என்றால், 'மேட் இன் ஹாங்காங்' பெரும்பாலும் நகலுக்கு அடையாளம். 1980-களின் மேட்ச்பாக்ஸில் அதே வார்த்தைகள் இருந்தால், அது அசலேதான்!

பொம்மை வீதியைப் பார்த்த கையோடு, மெட்ரோ ரயிலில் ஷாம் ஷுய் போ போய்வரலாம். அங்குள்ள ஆப்லியூ தெருவில் பழைய சாமான்கள் கிடைக்கும். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் மெய் ஹோ ஹவுஸ். தீ விபத்துக்குப் பின் 1954-ல் கட்டிய குடியிருப்புகளில் எஞ்சியிருக்கும் இந்தக் கட்டடம், இப்போது இளைஞர் விடுதி. உள்ளே ஒரு சிறிய அருங்காட்சியகமும் உண்டு. அந்தக் காலத்து அறைகளை அப்படியே அமைத்து வைத்திருக்கிறார்கள்.

கடையில் வாங்கிய பழைய பிளாஸ்டிக் கார் ஒன்று பையில் இருந்தால், அங்கே எடுத்துப் பாருங்கள். ஜன்னல் ஓரத்தில் வண்ணம் கொஞ்சம் பிசகியிருக்கலாம். அது இயந்திரத்தின் பிழையாக இருக்காது. இப்படி ஓர் அறையில், மங்கிய விளக்கொளியில், தூக்கம் சொக்கும் கண்களோடு ஒரு குழந்தை தீட்டியதாக இருக்கலாம். கார் நகல்தான். அந்த உழைப்பு அசல்.